எண்பத்தொன்று

எங்கள் தளத்தில் நான்கு கதவுகள்.
எதிர்க்கதவு பதினோரு மாதம் பூட்டிக் கிடந்தது.
தரகர் மகபூப் அவ்வப்போது ஆளோடு வந்து
எல்லா விளக்கையும் போட்டுக் காட்டுவார்.
போகும்போது விளக்கை அணைப்பார்,
விலையையும் கொஞ்சம்.

நேற்று சங்கமேஷ் வந்துவிட்டார்.
எவர்சில்வர் டப்பா நிறைய தார்வாட் பேடா.
மிதியடியில் நின்றபடியே கேட்டார்,
நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்க?

எண்பத்தொன்று, என்றான் தயாபரன்.
கொடுத்தது ஒரு கோடியே மூணு.
முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை.
'அப்போ நாம ஏறக்குறைய ஒரே விலைதான்!'
அவருக்கு அத்தனை சந்தோஷம்.
பேடா நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரி வர்த்தூர் ஏரிப் பக்கமிருந்து
வழக்கமான நாற்றம்.
கீழே தண்ணீர் லாரி பின்வாங்கும் கீச்கீச்.
ஐந்தாம் தேதி வந்தால் வங்கி
பழைய விலையைத்தான் ஞாபகம் வைத்திருக்கும்,
இன்னும் பதினாறு வருஷம்.

விளக்குப் போடாமல் வீட்டை ஒரு சுற்று சுற்றினேன்.
போன இருபத்திரண்டு லட்சம்
எந்த மூலையில் இருந்தது?
துணி காயாத பால்கனியிலா,
தாழ்ப்பாள் விழாத குளியலறையிலா,
பால் காய்ச்சிய அன்று பொங்கி வழிந்து
அடுப்பு மேடையில்
இன்றுவரை போகாத அந்தக் கறையிலா?

தயாபரன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.
தூங்கவில்லை என்று முதுகு சொன்னது.
நான் எதுவும் கேட்கவில்லை.

காலையில் எதிர்வீட்டில்
பால் பொங்கிக் கருகும் வாசம்,
கன்னடத்தில் ஒரு பெண்ணின் சிரிப்பு.

டப்பாவை வெறுமனே திருப்பக்கூடாது.
முறுக்கு வைத்து மூடினேன்.
அழைப்புமணியில் விரல் வைக்கும்முன்
ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்:
எண்பத்தொன்று.