ஒற்றைப்படை

பீர்ஜை ஊரில், நான்காம் மாடியில்,
நள்ளிரவில் அலமாரிக்குள் வெடி.
முதல் புட்டிக்கு ரிம்வீதஸ் எழுந்தான்,
மூன்றாவதற்கு யொலான்தா.
நாளை நீதிமன்றத்துக்கென்று
அவள் தேய்த்து மாட்டியிருந்த கோட்டில்
சொட்டச் சொட்ட பார்லி வாசம்.

"சர்க்கரையை அள்ளிப் போட்டிருக்கிறாய்."
"அளந்து தந்தது நீ."
அதுவும் நிஜம். அக்டோபரில்,
ஒரே கரண்டியில் ருசி பார்த்துக்கொண்டிருந்தபோது.

வெறுங்கையால் கண்ணாடி பொறுக்கினார்கள்.
உடைந்தவை ஏழு. மிச்சம் பதினேழு.
வக்கீலின் பட்டியலில் சோபா இருந்தது,
பூனைகூட இருந்தது,
பீர் இல்லை.

எட்டெட்டு போக ஒன்று.

கறுப்பு ரொட்டியை விரல் விரலாய் அரிந்து
எண்ணெயில் போட்டாள் அவள்.
சூடு ஆறுமுன் பூண்டை அதன்மேல் தேய்த்தான்,
கீறல்பட்ட கட்டைவிரல் எரிய எரிய.
மூடி கழன்றதும் பாதி
பொங்கி மேசைக்குப் போயிற்று;
மீதி ஆளுக்கு அரைத் தம்ளர்.

கொஞ்சம் புளிப்பு, என்றாள்.
கொஞ்சம்தான், என்றான்.
கடைசித் துண்டு ரொட்டியை
யாரும் பிய்க்கவில்லை, பூனை தூக்கிப்போயிற்று.

மணி நாலு.
ரேடியேட்டர்மேல் கோட்டு காய்கிறது.
காலையில் நீதிபதி
மூக்கைச் சுளிப்பார்.