தெரெரே குடுவையில் என்ன

மருந்தகச் சன்னலில் இருப்பவன்
தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.
"ந்தாய்போரி" என்கிறான்.
எங்கள் குவரானியில் அதற்கு 'இல்லை' என்று பொருள்.
பத்தொன்பது நாளாக அசுன்சியோனில்
நான் அதிகம் கேட்ட சொல்.

காலையில் மருத்துவர் தரும் சீட்டு
மளிகைக் கணக்குபோல் நீளும்:
கையுறை, ஊசிக்குழல், தூக்க மருந்து,
தசை தளர்த்தும் ஆம்பூல் ஆறு.
முதல் வாரத்துக்குத் தம்பியின் மோட்டார்சைக்கிள் போயிற்று.
அடுத்ததற்கு அவன் வெல்டிங் கருவி.
பிறகு தெருவே கூடிக் கோழி சுட்டு விற்றது.
நூற்றிருபது தட்டு.
டெர்லிஸுக்கு இரண்டு நாள் மூச்சு.

ஆஸ்பத்திரி முற்றத்தில் தார்ப்பாய்க்கடியில்
பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கப் பழகிவிட்டோம்.
ஒரே உறிஞ்சுகுழல் ஏழு வாய் சுற்றிவரும் நாடு இது.
பனிக்கட்டி மிதக்கும் தெரெரேயை
அந்நியனுக்கு நீட்டாமல் குடிப்பவனை
இங்கே யாரும் மதிக்கமாட்டார்கள்.
இப்போது ஆளுக்கொரு குடுவை,
ஆளுக்கொரு குழல்,
குடிக்கும்போது முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறோம்.

வெள்ளி மாலை தார்ப்பாய்கள் காலியாயின.
நாடாளுமன்றத்துக்குப் போகிறோம் என்றார்கள்.
கூடினால் தொற்றும். தெரியும்.
வீட்டிலிரு என்றார்கள், இருந்தோம்.
நாங்கள் வீட்டில் இருந்தபோது
நாட்டின் பேரில் வாங்கிய கடன்
யார் வீட்டில் இருந்தது?

ஒரு மீட்டர் இடைவெளி விட்டுத்தான் தொடங்கினோம், உண்மையாக.
ஒரு தாதி, வெறும் மருந்துப் பெட்டியைத்
தொப்பியாகப் போட்டுக்கொண்டு
சாலையில் சுண்ணாம்புக் கோடுகூட இழுத்தாள்.
முதல் புகைக்குண்டு விழுந்ததும்
கோடு எங்கே போயிற்றோ.
முகக்கவசத்துக்குள் கண்ணீர்ப்புகை புகுந்தால்
கழற்றவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.
இருமினேன்.
குடல் வெளியே வரும்படி இருமினேன்.
பக்கத்தில் நின்றவர் ஒருவரும் விலகவில்லை.
ஓராண்டில் முதல்முறை.

அப்போதுதான் கைபேசி அதிர்ந்தது.
"என்ன? கேட்கவில்லை! ஆறா? விடியறதுக்குள்ளேயா?"
கத்தியதில் நகரமே கேட்டிருக்கும்.
என் தோளைத் தட்டியவள் பெயர் நிமியா.
மருந்தின் பெயரை மட்டும் கேட்டாள்.
தோலுறை போட்ட குடுவையைத் திறந்து காட்டினாள்.
உள்ளே பனிக்கட்டி,
பனிக்கட்டிக்கு நடுவே முடிச்சிட்ட பாலிதீன் பை.
"நாலுதான் இருக்கு. அவருக்குப் பத்து வாங்கினேன்.
செவ்வாய்க்கிழமை மிச்சமாயிட்டது."

இங்கே எதற்குக் கொண்டுவந்தாய் என்றேன்.
"அந்தக் கட்டடத்து மேலே எறியத்தான்."
எறியப் போகும் பொருளுக்கு
எதற்குப் பனிக்கட்டி என்று
நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இருபத்தெட்டுத் தெரு.
பதினோராவது முனையில் கேடயம் பிடித்த ஒரு பையன்.
இருபது வயதிருக்கும்.
கவசம் மூக்குக்குக் கீழே, உதடெல்லாம் உப்பு.
"குடுவையில என்ன?"
"தெரெரே."
துப்பாக்கியைத் தாழ்த்தினான்.
"மத்தியானத்திலிருந்து நிக்கிறேன், அக்கா.
ஒரு மடக்கு கிடைக்குமா?"

என் அம்மா வயிற்றில் பிறந்த யாரும்
இந்தக் கேள்விக்கு மறுத்ததில்லை.
குடுவைக்குள் பனிக்கட்டி ஒன்று உடைந்து நகர்ந்தது.
அவனுக்கும் கேட்டிருக்கும்.
நான் சொன்னேன்:
"ந்தாய்போரி."

அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.
தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

விட்டுவிட்டான்.

நான்கும் குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள் தாதி.
மற்ற இரண்டுக்கு விடிந்ததும் பார்க்கலாம் என்றாள்.
அதற்குப் பிறகுதான் வெளிச்சத்தில் குடுவையைப் பார்த்தேன்.
தோலில் சிவப்பும் நீலமும், வில்ஃப்ரீதோ என்று தைத்த பெயர்.
என் தம்பி ஜென்மத்துக்கும் வெள்ளை கறுப்புக் கட்சி.
எதிர் அணிக்காரனின் மருந்து தன் நரம்பில் ஓடியது தெரிந்தால்
படுக்கையிலிருந்தே திட்டுவான்.

திட்டட்டும்.
முதல் வேலையாக அதைத்தான் சொல்லப்போகிறேன்.
குடுவையைக் கழுவி
நாற்காலிக்கடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
ஞாயிறு ஊர்வலத்துக்கு நிமியா வருவாள்.