இரட்டைப்படை

உப்புவெளி, ஏழாம் நம்பர் அறை.
குருத்தோலை ஞாயிறு. கோயிலால் வந்த கையோடு
படுக்கை விரிப்பு மாற்றப் போனேன்.
குடைக்குள் சுருட்டிக் கொண்டுவந்த கம்புகளை
ஒக்சானா மேசையில் பரப்பியிருந்தாள்.
இலையில்லை. கணுவுக்குக் கணு
கண் திறவாத பூனைக்குட்டியாய்ச் சாம்பல் மொட்டு.
அவள் ஊரில் இன்றைக்கு இதுதானாம் ஓலை.
பனிக்குள் தென்னை ஏது.

ஐந்து எடுத்து வந்தவள்.
கட்டுநாயக்காவில் ஒன்று முறிந்தது.
உயிரோடு இருக்கிற ஆளுக்கு ஒற்றைப்படை,
இரட்டை கல்லறைக்கு:
போன் தமிழ் பேசியது, பிழையாய், ஆனால் விளங்கியது.
மூன்றை நீட்டினாள்.
இரண்டு போதும் என்றேன்.

கொஞ்ச நேரம் கடல் மட்டும் இரைந்தது.
ஒன்றைத் திரும்ப எடுத்தாள்.
அவளிடமும் இரண்டு.

தண்ணீர் வைக்காதே என்றாள் கையால்.
வைத்தால் மஞ்சளாய்ப் பூத்துக் கொட்டிப்போகும்,
காயவிட்டால் வருஷக்கணக்காய் இப்படியே.

அம்மாவின் படத்தடியில் ஒன்று, வெறும் போத்தலில்.
மற்றது றெஜிக்கு.
படகு மட்டும்தான் கரைக்கு வந்தது,
ஆளை இன்னும் ஒருவரும் காணவில்லை.

அவன் போத்தலில்
தண்ணீர் விட்டிருக்கிறேன்.
நேற்று அடியில் வெள்ளையாய் ஏதோ,
நூல் அளவு.