மூன்றாம் தட்டு

எங்கள் பாடப்புத்தகத்தில் செல்லுக்குக் கலம் என்று பெயர்.
இந்த ஊரில் அது பொருத்தமான பெயர்தான்.
உட்துறைமுகத்தில் நேற்றிலிருந்து ஒரு கோதுமைக் கப்பல்
நங்கூரம் போட்டுக் கிடக்கிறது.
என் தட்டிலும்
எலியின் ஈரலிலிருந்து கரைத்தெடுத்த கலங்கள்
கொலாஜன் பூசிய தரையைத் தேடி
மெல்ல இறங்குகின்றன.

நாலு மணித்தியாலம்.
பிடித்தால் பிடித்தது.
பிடிக்காதவை மிதக்கும், உறிஞ்சி ஊற்றிவிட வேண்டும்.

உடம்புக்குள் இருந்தவரை
முக்கால்வாசியை வெட்டி எடுத்தாலும்
திரும்ப வளர்ந்து நின்ற ஈரல்,
வெளியே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
சீனி கொடுத்தேன், உப்புக் கொடுத்தேன்,
முப்பத்தேழு பாகையில் வைத்தேன்.
கன்னியாக் கிணறு ஏழில் ஒன்று இந்தச் சூடுதான் என்பாள் றமீஸா,
வெப்பமானி கொண்டுபோய்ப் பார்த்தவள்.
எல்லாம் கொடுத்தும்
மூன்றாம் நாள் தட்டையாகி, ஓரம் கிழிந்து,
தாங்கள் யார் என்பதையே மறந்துவிடுகின்றன.
அல்புமின் செய்யத் தெரியாது.
பித்தத்தை எந்தப் பக்கம் அனுப்புவதென்று தெரியாது.

சாப்பாடு போதாது.
யாராவது செய்தி சொல்ல வேண்டும்.

கன்றுக்குட்டிச் சீரம் ஊற்றலாம்.
ஆனால் அது சந்தை இரைச்சல்,
யார் சொன்னதைக் கேட்டு வளர்ந்தது என்று
பிறகு பிரித்தெடுக்க ஏலாது.

ஆகவே சீரம் இல்லாமல் ஐந்து தட்டு.
முதலாவதற்கு ஒன்றுமில்லை.
இரண்டாவதற்கு டெக்சாமெதசோன் மட்டும்:
பாவிய கல்லைப்போல் விளிம்போடு விளிம்பு சேர்ந்து
பார்க்க அழகு, பெருகுவதில்லை.
மூன்றாவதற்கு அதோடு இன்சுலினும் வளர்ச்சிக் காரணியும்.
நாலாவதற்கு இத்தனையோடும் நோரட்ரினலின்,
நடுச்சாமத்தில் கதவு தட்டுப்படும்போது
நமக்குள் சுரக்கிற அதே சாமான்.
ஐந்தாவதற்கு அது தனியே.

ஐந்து ஒருநாளும் வளர்ந்ததில்லை.
நாலுதான் எல்லாவற்றிலும் வேகம்.
றமீஸாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
போத்தல் கழுவிக்கொண்டே சொன்னாள்:
"பயம் மட்டும் எண்டா ஈரக்குலை நடுங்கும் மிஸ்.
பக்கத்தில ஆளும் சோறும் இருந்தா அது வேற கதை."
கட்டுரையில் இதை எழுத இடமில்லை.

புதன்கிழமை
கொழும்பிலிருந்து வரவேண்டிய இன்சுலின்
ஹபரணையில் பழுதான லொறிக்குள் இருந்தது.
ஊடகம் மாற்றும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில்
என் பெயர் ஒட்டிய சின்னக் குப்பி.
மத்தியானச் சோற்றுக்கு முன்
வயிற்றில் நானே குத்திக்கொள்வது, பன்னிரண்டு அலகு.
அதிலிருந்து ஒரு சொட்டை ஐதாக்கி, ஐதாக்கி,
மூன்றுக்கும் நாலுக்கும்.
பிறகு சட்டையை உயர்த்தி, எனக்கு.

பதினேழு வருஷமாக
என் கணையம் சொல்ல மறந்த செய்தியை
எனக்கும் ஓர் எலியின் ஈரலுக்கும்
ஒரே குப்பி சொல்லிற்று.
இரண்டு பேரும் கேட்டோம்.

வெள்ளி பின்னேரம் நுணுக்குக்காட்டியில் குனிந்தேன்.
மூன்றாம் தட்டில், இடது ஓரத்தில்,
ஒரு கலம் அக்கம்பக்கத்தை விட்டு உருண்டு திரண்டு
பளிச்சென்று நின்றது.
நடுவில் இடுப்பு ஒடுங்கிக்கொண்டு வந்தது.
மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்,
என் மூச்சு பட்டால் நின்றுவிடும்போல.
யன்னலுக்கு வெளியே ஒரு மான்
நாங்கள் எறிந்த கையுறைப் பெட்டியின் அட்டையை
ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது.

கொப்பியில் எழுதினேன்:
மருந்தகக் குப்பி. பாதுகாப்புப் பொருள் கலந்தது.
தொகுதி வேறு.
தட்டு மூன்றும் நாலும் கணக்கில் சேரா.
கையெழுத்து, திகதி.

றமீஸா வெளிற்றுநீர்ப் போத்தலோடு வந்து நின்றாள்.
நாலை ஊற்றினோம்.
மூன்றுக்கு மூடியைத் திரும்பப் போட்டு
"இது நாளைக்கு" என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

லைற்றை அணைத்தபோது
கப்பல் இருந்த இடத்தில் இருட்டு.
போய்விட்டதா,
விளக்கில்லாமல் அங்கேயே கிடக்கிறதா,
தெரியவில்லை.