ஓதக் கணக்கு

சர்க்கரை எனக்கு வந்து பதினொரு வருடம்.
அது தன்பாட்டுக்கு இருக்கிறது,
கூரையிடுக்கில் தங்கிவிட்ட பூனைபோல.
ஆளை அலைக்கழிப்பது
அதற்குத் தீனி போடும் வேலைதான்.

செவ்வாய், ரத்தம் கொடுக்க காஸ்த்ரோவுக்கு.
சிலிவெரியோவின் படகு விடிகாலை ஆறுக்கு.
மழை பெய்தால்,
சிலோயேவில் மழை எப்போது பெய்யவில்லை,
தார்ப்பாய்க்கு அடியில்
கோழிகளோடும் உருளைக்கிழங்கு மூட்டைகளோடும்
வெறும் வயிற்றில் இரண்டு மணி நேரம்.
ஊசி குத்த ஒரு நிமிடம்.
அடுத்த வியாழன் அதன் முடிவை வாங்க.
கண் டாக்டர் மூன்றாம் திங்கள்.
பாதம் பார்ப்பவள் ஏதோ ஒரு வெள்ளி.
இதயத்துக்காரர் அவர் கூப்பிடும்போது.
இவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது.
என் உடம்பைக் கூறுபோட்டு
ஆளுக்கொரு கிழமை எடுத்துக்கொண்டார்கள்.

கடல் வற்றும் நாளை யார் கேட்டார்கள்?
லூகா பாசி பாறையில் சிவந்து கிடப்பது
அமாவாசையை ஒட்டிச் சில நாள்,
பௌர்ணமியை ஒட்டிச் சில நாள்,
நாளுக்கு மூன்று மணி நேரம்.
அந்த மூன்று மணி நேரமும் நான்
பச்சைச் சுவர் பார்த்து உட்கார்ந்திருப்பேன்,
கையில் எழுபத்து மூன்றாம் எண்.
தப்பித்தவறி இறங்கிய நாளில்
குத்திய விரல் அத்தனையும்
உப்பில் எரியும்.

செப்டம்பரில் புதிதாக வந்தாள் டாக்டர் பையாகார்.
காலணியில் எங்கள் தீவுச் சேறு.
சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை.
“எர்மிந்தா, நோயாளியாக இருப்பதற்கு
மாதம் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?”

கூலி பேசுவதுபோல இருந்தது. சிரித்தேன்.
பிறகு எண்ணினேன்.
படகு. பேருந்து. பெஞ்சு.
தினம் நான்கு முறை விரல் குத்தி
யாரும் புரட்டாத நோட்டில் எழுதிய எண்கள்.
சீட்டைப் புதுப்பிக்கப் போய்
மருந்தகம் பூட்டியிருந்து திரும்பிய நாள்,
அது முழுசாக ஒரு நாள்.
அறுபத்தொரு மணி.
பாசிக்குப் போனது பதினெட்டு.

அவள் பேனாவை மூடினாள்.
பையைக் கவிழ்க்கச் சொன்னாள்.

மேசைமேல் பன்னிரண்டு வகை.
இது யார் தந்தது?
செத்துப்போன டாக்டர்.
இது எதற்கு?
அதோ, அது தரும் எரிச்சலுக்கு.
அப்படியென்றால் அது?
தெரியாது. சின்னது, மஞ்சள், கசக்காது.

ஐந்தை ஓரமாக ஒதுக்கினாள்.
என் வயிற்றுக்குள் ஒரு கல் இறங்கியது.
நத்தாலியோவுக்கும் இப்படித்தான்
ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள்.
ஆப்பிள் பூப்பதற்குள் போய்விட்டார்.
“என்னைக் கைகழுவுகிறீர்களா?”

காதுவரை சிவந்துபோனாள்.
எழுந்து வந்து
என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.
“இல்லை. இந்த ஐந்தும் ஏன் தருகிறோமென்று
எங்களுக்கே மறந்துவிட்டது.”

அவள் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றினாள்.
நான் மேலங்கிப் பையிலிருந்து
ஓத அட்டவணையை எடுத்தேன்,
மீன் நாற்றத்தோடு.
இரண்டையும் அருகருகே வைத்து
அரை மணி நேரம் அடித்தோம், திருத்தினோம்.
ரத்தம், கண், பாதம் எல்லாம் ஒரே நாள்,
அதுவும் கடல் சரியாக வற்றாத வாரம்.
முடிவு தொலைபேசியில்.
மாத்திரை மூன்று மாதத்துக்குச் சேர்த்து.
விரலுக்கு வாரம் இரண்டு குத்து.
இதயத்துக்காரர் மட்டும் மசியவில்லை.
அவருக்கு இன்னும் தனிப் படகுதான்,
அவர் வாங்கியிருக்கும் படிப்புக்கு
அந்த மரியாதையாவது வேண்டாமா.

நேற்று பௌர்ணமிக்கு மறுநாள்.
இடுப்பளவு குளிரில் நின்றிருந்தேன்.
பத்து மணிக்குக் கைபேசி கத்தும்.
பாசிக் கற்றையைப் பிடித்தபடி
காது கொடுத்துப் பார்த்தேன்.
கடல்காகம்தான் கத்தியது.
இரண்டு விரல் மட்டும் லேசாக எரிந்தது.
கரையிலிருந்து சிலிவெரியோ கூவினான்:
மூட்டையைக் கட்டு,
நீர் திரும்புகிறது.