பன்னிரண்டு புள்ளி இரண்டு

சாமியார்பேட்டையில்
சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில்
காரைக் கழற்றிவிட்டு
டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.
வடலூர்ப் பட்டறையில் பற்றவைத்த வீடு.
எட்டடிக்கு ஐந்தடி.
கூரையில் ஒரு சோலார் பலகை,
கட்டிலுக்கடியில் ஒரு பேட்டரி.
கம்பி எங்கிருந்தும் வரவில்லை.
ரீடிங் எடுக்க யாரும் வரப்போவதில்லை.

முப்பத்திரண்டு வருடம்
நெய்வேலியில், அனல்நிலையக் கட்டுப்பாட்டறையில்
இரவுப்பணி பார்த்தவன் நான்.
இருநூற்றுப் பத்து மெகாவாட்
சுவருக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருக்கும்.
இந்தப் பக்கம் என் டீ ஆறும்.
ஊர்கள் விளக்கைப் போடுவதும் அணைப்பதும்
முள்ளின் சின்ன நடுக்கமாகத்தான் எனக்கு வரும்.
எந்த ஊர் என்று கேட்டதில்லை.

இப்போது கைக்கடிகார அளவில் ஒரு மீட்டர்.
12.7 என்றால் நிறைகுடம்.
12.2 பாதி.
அதற்குக் கீழே இறங்குகிற ஒவ்வொரு இரவையும்
பேட்டரி தன் ஆயுளில் கழித்துக்கொள்ளும்.

நோட்டுப் போட்டு எழுதுகிறேன்.
விளக்கு அரை ஆம்பியர், விசிறி இரண்டு,
குட்டி ஃபிரிட்ஜ் ஓடினால் நான்கு.
ஓடாதபோது அது மௌனமாக இருக்கும்.
அந்த மௌனத்தின் நீளத்தைப்
படுத்தபடி அளக்கிறேன்.
இந்த இன்வெர்ட்டர் இருக்கிறதே,
சும்மா இருப்பதற்கே ஒன்று தின்னும்.
"உங்க தம்பி மாதிரி" என்றாள் அஞ்சலாட்சி.

முதல் நாளே சட்னி அரைத்தாள்.
எண்கள் படியில் உருண்டன.
பதினொன்று புள்ளி எட்டு, ஐந்து, மூன்று...
"நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினேன்,
யூனிட்டே டிரிப் ஆகப்போகிறது என்பதுபோல.
பாதி அரைபட்ட தேங்காயை
ஒரு நிமிடம் பார்த்தாள்.
"ஊறுகாய்க்கு வோல்ட் வேண்டாம்ல?"

ஃபிரிட்ஜை மட்டும் தொட முடியாது.
உள்ளே பால் இல்லை, மோர் இல்லை.
அவளுடைய இன்சுலின், இரண்டு குப்பி.

மூன்றாம் நாள் ஐப்பசி வானம் மூடிக்கொண்டது.
எட்டு ஆம்பியர் வந்த பலகையில் அரை வந்தது.
ஏணி போட்டு ஏறித் துடைத்தேன்.
கீழே நின்ற நாய்
மேகத்தையா துடைக்கிறான் என்று பார்த்தது.

மழை விட்டதும் அய்யனாரப்பன் வந்தான்,
சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமல்,
கையில் ஜிபிஎஸ் கருவியோடு.
குப்பத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்து இரண்டு நாளாம்.
"ஒரு மணி நேரம் போட்டுக் குடுங்க சார்.
வலை விட்ட எடம் இதுக்குள்ளதான் கெடக்கு."

ஒரு ஆம்பியர்.
முன்பு அது தூசுகூட இல்லை.
மீட்டர் 12.2 என்றது.
பெருக்கினேன், கழித்தேன்,
விடியும் வரைக்கும் உள்ள மணிகளை
விரலில் எண்ணினேன்.
அவன் காலில் ஈரமணல் காய்ந்துகொண்டிருந்தது.
நான் ஆறாவது விரலைத் தேடுவதற்குள்
அஞ்சலாட்சி விசிறியை அணைத்துவிட்டு
ஒயரை வாங்கிச் சொருகினாள்.

அன்றிரவு கொசு, புழுக்கம்.
என் கணக்கு நோட்டை எடுத்து விசிறிக்கொண்டாள்.
பக்கங்கள் படபடத்தன.
எனக்கும் கொஞ்சம் காற்று வந்தது.
அதை எந்த வரியில் எழுதுவது?

நான்கு மணிக்குப் படகு இறங்கிய சத்தம் கேட்டு
வெளியே வந்தேன்.
கடலில் ஏழெட்டு விளக்குகள்.
அவனுடையது எது என்று தெரியவில்லை.
மேற்கே மேகத்தின் அடிவயிற்றில்
நெய்வேலி மஞ்சளாகத் தெரிந்தது,
யாரோ அணைக்க மறந்துபோன மாதிரி.
நடந்து போய் அணைத்துவிட்டு வரலாமா
என்றுகூடத் தோன்றியது.

உள்ளே ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கியது.
நான்கு.
இருட்டில் நின்று
எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.