ஒன்றேகால் அங்குலம்

வெலிங்டன் பஜாரில் பதக்கம் தைக்க
என் ஊசியை விட்டால் ஆளில்லை.
கர்னல்கள் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார்கள்.
இவர் கோத்தகிரி பஸ்ஸில் வந்தார்,
பீட்ரூட் விதைப் பையில்
ஐந்தைச் சுருட்டிக்கொண்டு.

மேஜைமேல் கொட்டியதும்
விதைக்குத் தடவிய மருந்து வாடை.
கடலின் வாடை துளியுமில்லை.

"வெள்ளியா?" என்றேன்.
"செம்பும் நிக்கலும் பாய்.
பெள்ளி நான்தான்."
படுகர் வாயில் வெள்ளிக்கு அப்படித்தான் பெயர்.
விளிம்பைத் திருப்பினால்
இங்கிலீஷில் பில்லி.
சூனியத்தோடு சேர்ந்து வருமே, அந்தப் பில்லி.
"இருபது வருஷம் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.
நானும் ஓடிப்போய் நின்றேன்."
ரசீதுக்கு வயது கேட்டால் யோசித்தார்.
படை எண்ணை மட்டும்
மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

கொதிகலன் அறை வேலையாம்.
கடலைப் பார்த்ததைவிட
இரும்புக்கு அந்தப்பக்கம் கேட்டதுதான் அதிகம்.
முதல் மாதம் நீராவி கசிந்தபோது
மற்றவர்கள் ஓட
ஊர் மஞ்சு என்று நின்றாராம்.
சட்டையை ஏற்றி முழங்கையைக் காட்டினார்.

ரிப்பன் எல்லாம் ஒரே அகலம், ஒன்றேகால் அங்குலம்.
எது முன்னே எது பின்னே என்பது
சர்க்கார் விதி, என் இஷ்டமில்லை.
இரண்டாவதாக
எழுபத்தொன்றுக்கு உரியதை எடுத்தேன்.
கையைப் பிடித்தார்.
"இதை மட்டும் தனி ஊசியில் தையுங்கள்.
கழற்ற வாகாக."

அந்த வருஷம் சீருடையில் இருந்த
எல்லோருக்கும் வந்ததுதானே என்றேன்.
"எல்லோருக்கும்தான்."

இஸ்திரிப் பெட்டியில் கரி தணிந்துவிட்டது.
நூல் கோக்கும்போது அவராகவே சொன்னார்.
பம்பாய். டிசம்பர்.
கப்பல் கிளம்ப ஒரு நாள் இருக்கையில்
பொன்னுக்கு வீங்கி.
கன்னம் இரண்டும் டர்னிப் போல.
கரையில் இறக்கிவிட்டார்கள்.
பதிலுக்கு ஏறியவன்
மணப்பாட்டு ஸ்தனிஸ்லாஸ்.
ஏறுமுன் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி
இவருக்குப் போட்டானாம்.
தங்கம் பட்டால் வீக்கம் வடியும்டா,
வந்து வாங்கிக்கொள்கிறேன்.

"வடிந்ததா?" என்று கேட்டேன், மடையன் நான்.

"வடிந்தது.
பிப்ரவரியில் மணப்பாட்டுக்கு
நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அம்மா உள்ளேயே இருந்துவிட்டாள்.
தங்கச்சிதான் கை நீட்டினாள்."

கூலி முப்பது.
நாற்பது வைத்தார், தனி ஊசிக்கும் சேர்த்து.

ஜனவரி இருபத்தாறு, கோத்தகிரி மைதானம்.
உறைபனியில் புல் கருகிக் கிடந்தது.
முன்னாள் படைவீரர் வரிசையில் நாலாவது ஆள்.
நெஞ்சில் நான்கு.
முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
நீலக் கோட்டுத் துணி,
ஒன்றேகால் அங்குலம்,
இம்மி பிசகவில்லை.

என் பக்கத்தில் நின்ற ரிட்டையர்ட் மேஜர்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
எந்தக் குருட்டுத் தையல்காரன் இப்படி
ஒன்றை விட்டுத் தைத்தவன் என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.